நல்லூர்த் திருவிழா 2025: வீதித்தடை, குப்பை, தண்ணீர்ப் பந்தல் – எங்கட ஒழுங்கைக்கு மூக்குப்பேணி தேவை

செட்டித்தெருப் பிள்ளை
09 யூலை 2025, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஆடி அமாவாசை 24ஆந் திகதி வியாழன். அதிலையிருந்து ஆறாம் நாள், 29 செவ்வாய், கந்தனுக்குக் கொடி. முதல்நாள் திங்கள் காலமை கல்வியங்காட்டுப் பக்கத்திலையிருந்து செங்குந்தர் மரபிலை வாற ஆக்கள் கொடிச்சீலை கொண்டு வருவினம். ஓகஸ்ட் 7 மஞ்சம். 20 சப்பறம், 21 வியாழன் தேர், 22 தீர்த்தம்.

வருஷா வருஷம் போலை கொடியேற்றத்துக்கு முதல்நாளே கோயிலைச் சுத்தின வீதியள் வாகனத்துக்கு அடைபடும். தடைக்கு உள்ளுக்கை குடியிருக்கிற ஆக்கள் வாகன பாஸ் எடுக்கிறதெண்டால் கடைசி ரெண்டு நாளும் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. மோட்டச்சைக்கிள் புத்தகம், அடையாள அட்டை, அந்த விலாசத்திலை இருக்கிறதுக்கு அத்தாட்சி எல்லாத்தையும் ஒரு பைலிலை போட்டு வையுங்கோ. எங்கட ஒழுங்கையிலை நடக்க ஏலாத வயசானவை மட்டும் ஆறு வீட்டிலை இருக்கினம். ஆர் ஆரெண்டு இப்பவே ஒரு கடதாசியிலை எழுதி வைச்சால் இரவிலை ஓட்டோ உள்ளுக்கை வரவேண்டி வந்தால் தடையிலை நிக்கிற பொலிசுக்கும் சாரணப் பெடியளுக்கும் காட்டலாம்.

இனி நான் எழுத வந்த விசயம். போன வருஷம் தேர் முடிஞ்ச அண்டு பின்னேரம் எங்கட ஒழுங்கை வாசலிலையிருந்து மதகு மட்டும் நாங்கள் நாலு பேர் கூட்டினனாங்கள். அறுபது மீற்றரும் வராத தூரம். ஏழு உரப்பை நிறையக் கோப்பை. அதிலை அரைவாசிக்கு மேலை எங்கட தண்ணீர்ப் பந்தலிலை நாங்களே எங்கட கையாலை குடுத்த கோப்பை. புண்ணியத்துக்கு எண்டு குடுத்தது வாய்க்காலுக்கை கிடந்தது. மிச்சத்தைக் கூட்டி எடுத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். கார்த்திகை மழைக்கு மதகு அடைச்சு வெள்ளம் ஒழுங்கைக்குள்ளை ஏற, தடி விட்டுக் குத்தினால் அதே கோப்பையள் ஒண்டுக்குள்ளை ஒண்டு செருகினபடி வெளியிலை வருது. ஒவ்வொண்டிலையும் ஒரு மிடறு தண்ணி, அதுக்குள்ளை புழு துள்ளுது. யாழ்ப்பாணத்துக்கு டெங்குக் காலம் வாறதும் அந்த மாதங்களிலைதான்.

அதாலை இந்த வருஷம் எங்கட பந்தலிலை எறியிற கோப்பை ஒண்டும் இல்லை எண்டு முடிவு எடுத்திருக்கிறம். மூக்குப்பேணி, அதுதான் எங்கட ஆக்கள் அண்ணாந்து தண்ணி குடிச்ச மூக்கு வைச்ச பேணி, வைப்பம். உங்கட வீட்டுப் பரணிலை, அறை மூலையிலை கிடக்கிற மூக்குப்பேணியளை 25 நாளுக்கு இரவல் தாங்கோ. பித்தளையோ சில்வரோ பரவாயில்லை. குறைஞ்சது நாப்பது வேணும். அடியிலை உங்கட அடையாளம் ஒண்டு போட்டுத் தந்தால் திருப்பித் தாறது என்ரை பொறுப்பு.

---

குருநகர்க் கரை
09 யூலை 2025, இரவு 9.15

அக்கா, பேணி எங்களிட்டை இல்லை. பைப் பூட்டின சில்வர் டிரம் ரெண்டு இருக்கு. 25ஆந் திகதி எங்கட யாகப்பர் கோயில் பெருநாள், அதுக்குத் தேவை. 26 காலமை கழுவிக் காய வைச்சுக் கொண்டு வந்து தாறன்.

---

ஸ்காபரோ அண்ணா
10 யூலை 2025, காலை 6.02

ஊருக்கு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பிள்ளைகளோடை வாறன். ஓகஸ்ட் 5 கட்டுநாயக்கா, அடுத்தநாள் ரயிலிலை யாழ்ப்பாணம். பிள்ளைகளுக்கு 14, 11 வயசு. கோயிலுக்கு எப்பிடிப் போறது, என்ன உடுக்கிறது, வாகனத்தை எங்கை விடுறது எண்டு ஆரும் விளங்கப்படுத்த முடியுமோ?

பந்தலுக்கு நான் ஒரு உதவி செய்யலாம். எங்கட அப்பா அம்மா பேர் அடிச்ச கடதாசிக் கோப்பை பத்தாயிரம் கொழும்பிலை செய்விச்சு அனுப்புறன். கடதாசிதானே, உக்கிப் போகும்.

---

ஐஞ்சுசந்தி
10 யூலை 2025, காலை 10.30

அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் கடை வைக்கிற ஆள், கோப்பை வித்தும் பழக்கம். தண்ணி ஊறாமல் இருக்கிறதுக்காகக் கடதாசிக் கோப்பைக்கு உள்ளுக்கை மெல்லிசாப் பிளாஸ்டிக் பூசியிருக்கும். ஒரு கோப்பையை வாளித் தண்ணியிலை ரெண்டு நாள் ஊறப் போட்டுப் பாருங்கோ. கடதாசி ஊறி உரிஞ்சு வரும், பொலித்தீன் தோல் மாதிரி ஒண்டு மிஞ்சும். அது உக்காது. வாய்க்காலுக்கு ரெண்டும் ஒண்டுதான்.

2023 ஒக்டோபர் 1இலையிருந்து நாட்டிலை பிளாஸ்டிக் கோப்பை, ஸ்ட்றோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் பூமாலை எல்லாம் தடை. சட்டம் இருக்கு. சந்தையிலை சாமானும் இருக்கு. கடைக்காரனாச் சொல்லுறன், வாங்குற ஆள் இருக்கிற மட்டும் விக்கிற ஆளும் இருப்பான். திருவிழாக் கடை இடங்களை மாநகர சபை ஏலத்திலை குடுக்கேக்கை ஒப்பந்தத்திலையே இதை ஒரு நிபந்தனையாப் போட்டு, கடை பூட்டுற அண்டு வைப்புக் காசிலை கழிப்பம் எண்டு எழுதினால் எங்கட ஆக்கள் எல்லாரும் முதல்நாளே மாறிப் போடுவினம். மே 6 தேர்தலோடை ரெண்டு வருஷத்துக்கும் மேலை ஆணையாளர் நிர்வாகத்திலை இருந்த சபைக்கு இப்ப உறுப்பினர்கள் வந்திருக்கினம். உங்கட வட்டாரத்து ஆளிட்டை இதைக் கேளுங்கோ. நானும் எங்கட ஆளிட்டைக் கேக்கிறன்.

---

செட்டித்தெருப் பிள்ளை
10 யூலை 2025, பிற்பகல் 1.10

ஸ்காபரோ அண்ணா, உங்கட மனசுக்கு நன்றி. கோப்பை வேண்டாம். பேரும் வேண்டாம், எங்கட பந்தலிலை ஆற்றை பேரும் போடுறேல்லை. பேணி கழுவ ஆள் வேணும். பின்னேரம் 4 மணியிலையிருந்து சுவாமி உள்ளை போகுமட்டும், மூண்டு நாள் வந்து நிண்டால் காணும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

போறதைப் பற்றி: ஆம்பிளையள் உள்ளுக்கை போகேக்கை மேல் உடுப்பில்லாமல், வேட்டியோடை. மூத்த பெடியனுக்கும் ஒரு வேட்டியைக் கட்டிப் பழக்கிக் கொண்டு வாங்கோ. சிவப்பு வெள்ளைத் தடுப்புக்கு உள்ளுக்கை செருப்பு போடேலாது. வாகனத்தைத் தடைக்கு வெளியிலை விட்டிட்டு நடவுங்கோ, சைக்கிள் எண்டால் கிட்ட வரலாம், சுத்தி வர உள்ள வளவுகளிலை சைக்கிள் பாக்கிற இடம் போட்டிருப்பினம். இந்தக் கோயிலிலை நேரம் தவறாது. ஐஞ்சு மணிக்குப் பூசை எண்டால் ஐஞ்சு மணிக்கு மணி கேக்கும். அர்ச்சனைக்கு இண்டைக்கும் ஒரு ரூபாதான். பிள்ளைகளிட்டை சில்லறையாக் குடுத்துத் தாங்களே வாங்க விடுங்கோ.

---

கொக்குவில் தாதி
10 யூலை 2025, இரவு 7.55

பிள்ளை, நல்ல யோசனை. ஆனால் ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். பந்தலிலை மோரும் தேசிக்காய்த் தண்ணியும் குடுக்கிறனீங்கள்தானே. ஈயம் பூசாத பித்தளையிலை புளிப்பு விடவே கூடாது. மோரிலையும் தேசிக்காயிலையும் இருக்கிற அமிலத்திலை செம்பு கரையும். பச்சைக் களிம்பு எண்டு எங்கட ஆச்சிமார் சொன்னது அதைத்தான். குடிச்சால் ஓங்காளம், சத்தி, வயித்து நோ. பழைய ஆக்கள் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளாலை ஈயம் பூசி வைச்சதுக்குக் காரணமே அது. பரணிலை நாப்பது வருஷம் கிடந்த பேணியிலை அந்தப் பூச்சு தேஞ்சு போயிருக்கும்.

பித்தளையிலை பச்சைத் தண்ணி மட்டும். மோருக்குச் சில்வர்.

அடுத்தது, மூக்குப்பேணி எண்டால் வாய் படாது எண்டு நம்பி இருக்காதேங்கோ. அண்ணாந்து குடிக்கத் தெரிஞ்ச தலைமுறை குறைஞ்சு போச்சு. சின்னப் பிள்ளையள் மூக்கை வாய்க்குள்ளை விட்டுத்தான் குடிப்பினம். ஒவ்வொரு தரமும் கழுவோணும். மூண்டு பேசின் வையுங்கோ. முதலாவதிலை சவர்க்காரத் தண்ணி, ரெண்டாவதிலை நல்ல தண்ணி, மூண்டாவதிலை குளோரின் கலந்தது. மூக்குத் துவாரத்துக்குள்ளை விரல் போகாது, போத்தல் கழுவுற சின்னப் பிறஷ் பத்து வாங்குங்கோ.

---

முத்திரைச்சந்தி
10 யூலை 2025, இரவு 9.40

நான் சபையிலை சுகாதாரப் பகுதியிலை 31 வருஷம் வேலை செய்து இளைப்பாறின ஆள். நாலு சொல் எழுதுறன்.

தண்ணி. கிணத்துத் தண்ணியை மட்டும் நம்பிப் பந்தல் போடாதேங்கோ. எங்கட மண்ணுக்குக் கீழை சுண்ணக்கல்லு. வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, மேலை விழுற மழைதான் கீழை போகுது. அதோடை சேந்து மலகூடக் குழியிலையும் தோட்டத்து உரத்திலையும் இருக்கிறதும் கீழை போகுது. நைத்திரேற்று கூடின தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் இறுகும். குழாய்த் தண்ணியோ, பவுசரிலை வாற குளோரின் போட்ட தண்ணியோ எடுங்கோ. தாளையடியிலை கடல் தண்ணியை நல்ல தண்ணி ஆக்குற நிலையம் 2024 ஓகஸ்டிலை திறந்தாப் பிறகு தண்ணி எடுக்க ஒரு வழி கூடியிருக்கு. பந்தல் போடுற இடம், நாள், என்ன குடுக்கிறியள் எண்டு எழுதி முன்கூட்டியே கடிதம் குடுங்கோ. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கேக்கை மறைக்காமல் எல்லாத்தையும் காட்டுங்கோ. அவை வாறது உங்களுக்குத் துணையாத்தான்.

அடுத்தது குப்பை. திருவிழா நாளிலை தொழிலாளர் வேலை தொடங்கிறது சனம் வீட்டை போனாப் பிறகு. நீங்கள் நித்திரைக்குப் போகேக்கை அவை விளக்குமாத்தைத் தூக்குவினம். விடிய அங்கப்பிரதட்டை செய்யிற ஆக்கள் வெளிவீதி மணலிலை உருள வருவினம். அதுக்கு முதல் அந்த மணல் துப்பரவா இருக்கோணும். உருளுற ஆளின்ரை முதுகிலை ஒரு ஐஸ்கிறீம் குச்சி குத்தினால் எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. ஒருக்கால் நான் மேற்பார்வைக்கு நிக்கேக்கை, எங்கட பெண் தொழிலாளி ஒராள் மணலுக்குள்ளை கையை விட்டு அளைஞ்சு அளைஞ்சு குச்சி பொறுக்கினா. விளக்குமாறு மேலை உள்ளதைத்தான் எடுக்கும் ஐயா, உள்ளை கிடக்கிறதுக்குக் கைதான் வேணும் எண்டு சொன்னா. விடிய நாலு மணி. முழங்காலிலை நிண்டு வீதியின்ரை ஒரு பக்கம் முழுக்க அப்பிடியே போனா.

கூட்டி எடுக்கிறது எல்லாம் போறது கல்லுண்டாய்க் குப்பை மேட்டுக்கு. அங்கை பத்தினால் புகை எந்தப் பக்கம் போகுது எண்டு அங்கத்தைச் சனத்தைக் கேளுங்கோ. உங்கட பந்தலிலை எறியாத ஒவ்வொரு கோப்பையும் அந்த ஊர்ச் சனத்துக்குச் செய்யிற உதவி.

---

ஐஞ்சுசந்தி
10 யூலை 2025, இரவு 10.05

ஐயா, அந்த மணல் கதையை வாசிச்சிட்டு என்ரை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். கடை முன்னாலை குச்சி போடுறதுக்குத் தனிய ஒரு தகரம் வைக்கிறன்.

---

பனையடி
11 யூலை 2025, இரவு 11.20

எல்லாரும் நல்ல மனசோடை எழுதுறியள். நானும் எழுதாமல் இருக்கலாம் எண்டுதான் ரெண்டு நாளாப் பாத்தன்.

மூக்குப்பேணி எண்ட சொல்லை நீங்கள் வாசிக்கேக்கை உங்களுக்கு அம்மம்மா வீட்டுத் திண்ணை ஞாபகம் வரும். எனக்கு என்ரை அப்பு ஞாபகம் வாறார். 1950களிலை அவர் பெடியன். திருவிழா பாக்கக் கால்நடையா வருவினம். வழியிலை ஒரு தண்ணீர்ப் பந்தல். முன்னுக்குப் போனவைக்குப் பேணியிலை தண்ணி. இவையின்ரை முறை வர, பேணியை உள்ளுக்கை எடுத்து வைச்சிட்டு, குந்தி இருந்து கையை ஏந்தச் சொல்லி மேலையிருந்து ஊத்தினவை. தேத்தண்ணிக் கடையிலை சிரட்டை. சாதி சொல்லி ஆக்களை ஒதுக்கிறதுக்கு எதிரா 1957இலை சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினொரு வருஷம் கழிச்சு, 1968இலை, மாவிட்டபுரத்திலை கோயிலுக்கு உள்ளுக்கை போறதுக்கு எங்கட ஆக்கள் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்தது. அப்பு அங்கையும் போயிருந்தவர்.

வாய் படாமல் குடிக்கிற பாத்திரம் ஏன் எங்கட ஊரிலை இவ்வளவு வடிவா வளந்தது எண்டு ஒருக்கால் யோசிச்சுப் பாருங்கோ. பிளாஸ்டிக் கோப்பை வந்தாப் பிறகுதான் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையிலை தண்ணி கிடைச்சது எண்டு அப்பு சொல்லுவார். அது குப்பைதான், எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அது குப்பையில்லை.

உங்களை வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இதையும் தெரிஞ்சுகொண்டு செய்யுங்கோ.

---

கொக்குவில் தாதி
12 யூலை 2025, காலை 5.50

இரவு வேலை முடிஞ்சு வந்து வாசிச்சன். நித்திரை வரேல்லை. நன்றி அண்ணை.

---

செட்டித்தெருப் பிள்ளை
13 யூலை 2025, பிற்பகல் 3.30

பனையடி அண்ணை, உங்களுக்கு உடனை பதில் எழுத என்னாலை முடியேல்லை.

நேற்று அம்மாவோடை இருந்து எங்கட வீட்டுப் பேணியளை மினுக்கினன். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தும்பாலை தேய்க்க, கறுப்பு போய் அடியிலை அம்மப்பாவின்ரை பேரின்ரை முதல் எழுத்து தெரிஞ்சுது. எட்டுப் பேணி. நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். இந்தப் பேணியளிலை எங்கட வளவுக்கு வேலைக்கு வந்தவைக்குத் தண்ணி குடுத்ததோ எண்டு கேட்டன். அம்மாவுக்கு 78 வயசு. கனநேரம் கதைக்கேல்லை. தும்பைக் கீழை வைச்சிட்டு, "குடுக்கேல்லை பிள்ளை. அவைக்கு வேலியிலை ஒரு தகரப் பேணி கொழுவி இருந்தது. நான்தான் சின்னனிலை அதுக்குத் தண்ணி வாத்தனான்" எண்டா.

அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கேல்லை. மிச்சப் பேணியளையும் அவவே மினுக்கினா.

பேணியை விடுறதோ வைக்கிறதோ எண்டு எங்கட ஒழுங்கை ஆக்களோடை இருந்து கதைச்சம். ரெண்டு விதமாவும் சொன்னவை. கடைசியிலை வைக்கிறது எண்டு முடிவு, ஆனால் இப்பிடி: மேலையிருந்து ஊத்துறது எங்கட பந்தலிலை ஆருக்கும் இல்லை. பேணியை நிறைச்சு, வாறவையின்ரை கையிலை எங்கட கையாலை குடுக்கிறது. அண்ணாந்து குடிச்சாலும் சரி, வாய் வைச்சுக் குடிச்சாலும் சரி, ஆரும் ஒரு சொல்லுச் சொல்லுறேல்லை. கழுவிறம்தானே. வாய் வைச்சுக் குடிக்க விரும்பிற ஆக்களுக்கு எண்டு சில்வர் ரம்ளரும் பக்கத்திலை இருக்கும். எதை எடுக்கிறது எண்டது குடிக்கிறவையின்ரை விருப்பம்.

அண்ணை, நீங்கள் வந்து முதல்நாள் எங்களோடை நிண்டு தண்ணி குடுப்பியளோ? ஏலாது எண்டால் அதுவும் எனக்கு விளங்கும்.

---

பனையடி
13 யூலை 2025, இரவு 8.15

கொடியேற்றத்துக்கு வேலை. ரெண்டாந் திருவிழாவுக்கு வாறன், மகளையும் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கோ.

---

முத்திரைச்சந்தி
14 யூலை 2025, காலை 7.20

என்னட்டை அஞ்சு பேணி. மூண்டு சில்வர், ரெண்டு பித்தளை. முத்திரைச்சந்தி கடையிலை என்ரை பேர் சொல்லிக் குடுத்து விடுறன்.

---

ஸ்காபரோ அண்ணா
16 யூலை 2025, காலை 4.45

கோப்பை யோசனையை விட்டிட்டன். இங்கை என்ரை அக்கா வீட்டு ஷோகேசிலை ஊரிலையிருந்து கொண்டு வந்த பேணி நாலு கண்ணாடிக்குள்ளை இருக்கு. 1987இலை கொண்டு வந்தது. பெட்டியிலை திருப்பிக் கொண்டு வாறன்.

---

கொக்குவில் தாதி
27 யூலை 2025, இரவு 9.00

நாளைக்குத் தடை போடுவினம், அதாலை அவசரமா நாலைஞ்சு விசயம். நான் முதலுதவிக் கொட்டிலிலை நிண்ட வருஷங்களிலை கூடக் கண்டது மயக்கம்தான். விரதம் எண்டு சொல்லி வயசானவை தண்ணியும் குடியாமல் வெயிலுக்கை நிப்பினம். நீரிழிவுக்கு ஊசி போடுற ஆக்கள் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வருவினம், அது ஆபத்து. வீட்டிலை அப்பிடி ஆராவது இருந்தால் டொக்டரிட்டைக் கேட்டு விரதத்தை மாத்துங்கோ, இடுப்பிலை சீனிப் பைக்கற்று ஒண்டு செருகி விடுங்கோ. மணல் பரப்பாத தார் றோட்டிலை மத்தியானம் வெறுங்காலோடை நடந்து கால் கொப்பளிக்கிறவையும் கனபேர், முக்கியமாக் கால் விறைப்புள்ள நீரிழிவுக்காரர். அவைக்குச் சுடுறதே தெரியாது. பந்தலிலை ஜீவனிப் பைக்கற்றும் (தண்ணியிலை கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கொஞ்சம் வைச்சிருங்கோ.

சின்னப் பிள்ளையின்ரை சட்டைப் பைக்குள்ளை தாய் தகப்பன்ரை போன் நம்பரை எழுதி வையுங்கோ. ஒலிபெருக்கியிலை பிள்ளையின்ரை பேரைத்தான் சொல்லேலும், மூண்டு வயசுப் பிள்ளை தன்ரை பேரையே "செல்லம்" எண்டுதான் சொல்லும்.

ஏலாமல் போனால் 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கோ. காசில்லை. தடைக்கு உள்ளுக்கை எண்டால் எந்த வீதி முகப்புக்கு அம்புலன்ஸ் வரலாம் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.

---

செட்டித்தெருப் பிள்ளை
30 யூலை 2025, இரவு 11.45

ரெண்டு நாள் முடிஞ்சுது. 43 பேணி சேந்தது. குருநகர்த் தம்பியின்ரை டிரம் ரெண்டும் நிக்குது. பி.எச்.ஐ. வந்து தண்ணியிலை குளோரின் பாத்தவர், மூண்டாவது பேசினிலை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னவர்.

முதல்நாள் ஒரு பிழை விட்டிட்டம். கழுவுற இடத்தைப் பந்தலுக்குப் பின்னாலை வைச்சதாலை, குடிச்ச ஆக்கள் பேணியை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் மதிலிலையும் வேலியிலையும் வைச்சிட்டுப் போட்டினம். இண்டைக்குப் பேசினை முன்னுக்குக் கொண்டு வந்திட்டம். குடிச்ச கையோடை தாங்களே முதல் பேசினுக்குள்ளை போடுகினம். கனபேர் தாங்களே கழுவவும் நிக்கினம்.

பனையடி அண்ணையும் மகளும் வந்தவை. பிள்ளைக்கு 15 வயசு. முதல் பேணியை அவதான் குடுத்தா. வரிசையிலை முதல் நிண்டது கற்பூரச்சட்டி எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா. ரெண்டு கையாலும் சட்டி பிடிச்சிருந்ததாலை பேணியை வாங்க ஏலேல்லை. பிள்ளை ஒரு கையாலை அவவின்ரை நாடியைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையாலை பருக்கினா. பேணி மூக்கு அதுக்குத்தான் எவ்வளவு வசதி எண்டு அப்பதான் கண்டன், ஒரு துளி சேலையிலை சிந்தேல்லை. அந்த அம்மா குடிச்சு முடிச்சிட்டுப் பிள்ளையின்ரை பேரைக் கேட்டிட்டு, அந்தப் பேரைச் சொல்லி வாழ்த்திப் போட்டுப் போனா.

எங்கட அம்மா கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டு இருந்தவ.

---

ஐஞ்சுசந்தி
08 ஓகஸ்ட் 2025, இரவு 12.10

மஞ்சத்துக்குச் சரியான சனம். தகரம் ரெண்டு தரம் நிறைஞ்சுது. பக்கத்துக் கடையிலையும் ஒண்டு வைச்சிட்டினம். எங்கட முஸ்லிம் சனத்தை வடக்கிலையிருந்து வெளியேத்தின 1990இலை நான் பத்து வயசிலை வெளிக்கிட்டு, புத்தளத்திலை வளந்து, திரும்பி வந்து போட்ட கடை இது. வாப்பாவும் இந்தத் திருவிழாவிலைதான் காப்பு வித்தவர். நேற்றுப் பின்னேரம் உங்கட பந்தலிலை தண்ணி குடிச்சன், ஆர் குடுத்தது எண்டு தெரியாது. கனடாக் கதை கதைக்கிற பெடியன் ஒராள்.

---

ஸ்காபரோ அண்ணா
08 ஓகஸ்ட் 2025, காலை 7.30

அது என்ரை மூத்தவன். இண்டைக்கும் வாறான்.

---

செட்டித்தெருப் பிள்ளை
25 ஓகஸ்ட் 2025, மாலை 6.20

வைரவர் மடையும் முடிஞ்சு வீதி திறந்தாச்சு. ஒழுங்கை வாசலிலையிருந்து மதகு மட்டும் இண்டைக்குக் காலமை கூட்டினம். போன வருஷம் ஏழு உரப்பை. இந்த வருஷம் ரெண்டும் நிறையேல்லை. அதுவும் வெளியிலையிருந்து வந்த போத்தல், ஐஸ்கிறீம் கோப்பை. தேரண்டு ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நாலு தரம் நிரப்பினம். கடைசி நேரத்திலை கழுவிக் குடுக்க ஏலாமல் வரிசை நீண்டு போனது, அடுத்த வருஷம் பேசின் வரிசை ரெண்டு வேணும், பேணியும் எழுபதாவது வேணும். மதகைத் திறந்து பாத்து, உள்ளை கிடந்த பழைய கோப்பையளையும் எடுத்தாச்சு. மழைக்கு முதல் ஒருக்கால் வாய்க்காலை முழுக்கத் துப்பரவாக்கித் தரச் சொல்லி எங்கட ஒழுங்கை ஆக்கள் 22 பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் நாளைக்குச் சபைக்குப் போகுது. முத்திரைச்சந்தி ஐயாதான் எழுதித் தந்தவர்.

கடைக்காரருக்கான நிபந்தனை பற்றி ஐஞ்சுசந்தி அண்ணையும் தனியா ஒரு கடிதம் குடுக்கிறார். விருப்பமான கடைக்காரர் அவரோடை கதையுங்கோ.

பேணி திருப்பித் தாற வேலை தொடங்கீட்டம். ஸ்காபரோ அண்ணா பிறகு கொண்டு வந்த நாலோடை 47 இருக்கோணும், எண்ணிப் பாத்தால் 44தான் இருக்கு, மூண்டு குறையுது. ஒண்டு சில்வர், அடியிலை மு.ச. எண்டு கீறினது. ஒண்டு ஸ்காபரோ அண்ணாவின்ரை அக்காவினது, மூக்கடியிலை சின்ன நெளிவு. மற்றது எங்கட வீட்டுப் பித்தளை. ஆரும் ஞாபகமறதியாக் கொண்டு போயிருந்தால் எங்கட படலைக்குள்ளாலை வைச்சு விடுங்கோ, ஒண்டும் கேக்க மாட்டம்.

---

குருநகர்க் கரை
26 ஓகஸ்ட் 2025, காலை 8.05

அக்கா, டிரம்மைக் கழுவத் திறந்தனான். மு.ச. உள்ளுக்கை கிடக்கு. பின்னேரம் கொண்டு வாறன்.

---

கொக்குவில் தாதி
26 ஓகஸ்ட் 2025, பிற்பகல் 12.40

நெளிஞ்ச மூக்கு முதலுதவிக் கொட்டில் சாமானோடை வந்திட்டுது. மயங்கி விழுந்த ஒரு ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வந்தது.

---

செட்டித்தெருப் பிள்ளை
26 ஓகஸ்ட் 2025, இரவு 9.30

ரெண்டும் கிடைச்சது, நன்றி. எங்கட வீட்டுப் பேணியை இனி ஆரும் தேட வேண்டாம். இப்பதான் அம்மா சொல்லுறா, தீர்த்தத்தண்டு பனையடி அண்ணையின்ரை மகள் வெளிக்கிடேக்கை தான்தான் கையிலை குடுத்து விட்டனான் எண்டு.

---

பனையடி
26 ஓகஸ்ட் 2025, இரவு 10.10

ஓம் பிள்ளை. அப்புவின்ரை படத்துக்கு முன்னாலை தண்ணி நிறைச்சு வைச்சிருக்கிறம்.